பதிவேட்டில் ஓர் அந்துப்பூச்சி

சிம்பாங் அம்பாட் வட்டார மாணவர்களுக்கு மின்னணுத் தொழிற்சாலைகள் புதியவை அல்ல. அருகிலுள்ள பத்து காவான் தொழிற்பேட்டையில் வேலை செய்வோர் பலர் இவ்வட்டாரத்தில் வாழ்கின்றனர். தொழிற்சாலையில் ஓர் இயந்திரம் திடீரென நின்றுவிட்டால், திறமையான தொழில்நுட்பர் உடனே அதைப் பிரித்துப் பார்ப்பதில்லை. முதலில் பிழைப் பதிவைப் படிக்கிறார். எந்த நேரத்தில், எந்தப் பகுதியில், என்ன நேர்ந்தது என்பதை அறிந்த பிறகே பழுதுபார்க்கத் தொடங்குகிறார். நாமோ கணினித் திரையில் பிழைச் செய்தி தோன்றியதும் அதைப் படிக்காமலேயே மூடிவிடுகிறோம். பிழையைப் பதிவு செய்வதும் அதன் காரணத்தைத் தேடுவதும் எவ்வளவு பயனுள்ளவை என்பதைக் கணினி முன்னோடி கிரேஸ் ஹோப்பர் அம்மையாரின் வாழ்க்கை காட்டுகிறது.

கிரேஸ் ஹோப்பர் 1906ஆம் ஆண்டு டிசம்பர் 9ஆம் நாள் அமெரிக்காவின் நியூயார்க் நகரில் பிறந்தார். ஏழு வயதில், மணியடிக்கும் கடிகாரம் எப்படி இயங்குகிறது என்பதை அறிய ஆவல் கொண்டு ஒன்றைப் பிரித்தார். மீண்டும் பூட்டத் தெரியவில்லை. பூட்டும் முறையை அறிய அடுத்த கடிகாரத்தைப் பிரித்தார். இப்படியே வீட்டிலிருந்த ஏழு கடிகாரங்களையும் பிரித்துப் போட்டுவிட்டார். அதைக் கண்ட அன்னையார், இனி ஒரே ஒரு கடிகாரத்தை மட்டும் வைத்துக்கொண்டு ஆராயுமாறு சொல்லிவிட்டார்.

அந்த ஆர்வம் பின்னர் கணிதத்தின் பக்கம் திரும்பியது. வாசர் கல்லூரியில் 1928ஆம் ஆண்டு பட்டம் பெற்ற அவர், 1934ஆம் ஆண்டு யேல் பல்கலைக்கழகத்தில் கணிதத்தில் முனைவர் பட்டம் பெற்றார். வாசர் கல்லூரியிலேயே விரிவுரையாளராகவும் பணிபுரிந்தார். இரண்டாம் உலகப் போரின்போது கடற்படையில் சேர விரும்பினார். அவருடைய வயதும் குறைவான உடல் எடையும் தடையாக நின்றன. ஆயினும் விடாது முயன்று, 1943ஆம் ஆண்டு இறுதியில் சிறப்பு அனுமதியுடன் சேர்ந்தார். பயிற்சியில் முதல் நிலையில் தேறினார்.

1944ஆம் ஆண்டு கடற்படை அவரை ஹார்வர்டு பல்கலைக்கழகத்திற்கு அனுப்பியது. அங்கு மார்க் ஒன்று என்னும் கணிப்பான் அவருக்காகக் காத்திருந்தது. அதன் நீளம் 51 அடி. உயரம் 8 அடி. எடை ஏறத்தாழ ஐந்து டன். துளையிட்ட காகித நாடாவின் வழியாக அதற்குக் கட்டளைகள் தரப்பட்டன. ஒரு துளை இடம் மாறினாலும் விடை தவறிவிடும். ஆகவே, இயந்திரம் எப்போது தொடங்கியது, எப்போது நின்றது, எந்தப் பகுதி பழுதடைந்தது என்பவற்றை உடனுக்குடன் பதிவேட்டில் எழுதி வைப்பது அவர்களின் வழக்கமாயிற்று. இந்த இயந்திரத்தை இயக்கும் முறைகளை விளக்கி, 561 பக்கங்கள் கொண்ட கையேடு ஒன்றை உருவாக்கும் பொறுப்பையும் ஹோப்பர் ஏற்று முடித்தார்.

அடுத்து உருவான மார்க் இரண்டு கணிப்பானின் பதிவேட்டில் செப்டம்பர் 9ஆம் நாளுக்குரிய பக்கம் உலகப் புகழ் பெற்றது. அந்த ஆண்டு 1947 எனக் கருதப்படுகிறது. காலை 8 மணிக்கு ஒரு கணக்கு தொடங்கியது. 10 மணிக்கு நின்றது. 11 மணிக்கு வேறொரு நாடா ஓடத் தொடங்கியது. பிற்பகல் 3.25க்குக் கூட்டல் சோதனை தொடங்கியது. 3.45க்கு எழுதப்பட்ட குறிப்புதான் வியப்பானது. ரிலே எனப்படும் மின்விசைகளுள் எழுபதாம் எண் கொண்டதில் ஓர் அந்துப்பூச்சி சிக்கியிருந்தது. பணியாளர்கள் அதை வெளியே எடுத்து, ஒட்டு நாடாவால் அப்பக்கத்திலேயே ஒட்டினர். உண்மையான பூச்சி ஒன்று அகப்பட்டது இதுவே முதன்முறை என்று நகைச்சுவையாகக் கீழே குறித்தனர். இயந்திரக் கோளாற்றைப் பூச்சி என்று அழைக்கும் வழக்கம் அதற்குப் பல்லாண்டுகளுக்கு முன்பே பொறியாளர்களிடம் இருந்ததுதான் அந்த நகைச்சுவைக்குக் காரணம்.

அந்தப் பூச்சியைக் கண்டுபிடித்தவர் ஹோப்பரே என்றும், அச்சொல்லை உருவாக்கியவரும் அவரே என்றும் பலர் எண்ணுகின்றனர். இரண்டும் சரியல்ல. பூச்சியை எடுத்தவர்கள் அவருடன் பணியாற்றியவர்கள். அந்நிகழ்ச்சியைச் சென்ற இடமெல்லாம் சுவையாக எடுத்துச் சொல்லி, உலகறியச் செய்தவர் அவர்.

ஹோப்பர் பிறருடைய பிழைகளை மட்டும் ஆராயவில்லை. 1949ஆம் ஆண்டு அவர் பிலடெல்பியா நகரிலிருந்த கணினி நிறுவனம் ஒன்றில் சேர்ந்தார. அங்கு எட்டை அடியாகக் கொண்ட எண்முறையில் நாள் முழுவதும் கணக்கிட வேண்டியிருந்தது. அக்காலத்தில் மூன்று மாதங்களாக அவருடைய வங்கிக் கணக்கு ஒத்துவரவில்லை. வங்கியில் பணிபுரிந்த தம் சகோதரரிடம் கணக்கைக் காட்டினார். சில மாலை நேரங்கள் அதை ஆராய்ந்த சகோதரர், இடையிடையே எட்டின் அடியில் கழித்திருந்ததே தவறு என்று கண்டறிந்தார். இதை ஹோப்பர் சிறிதும் மறைக்காமல் மேடைகளில் சொல்லிச் சிரிப்பார்.

அலுவலகத்திலும் அவர் ஒன்றைக் கவனித்தார். நிரலர்கள் முன்பு எழுதிய நிரல்களைக் குறிப்பேடுகளில் வைத்திருந்து, தேவைப்படும்போது கையால் படியெடுத்தனர். படியெடுக்கையில் 4 என்னும் எண் முக்கோணக் குறியாக மாறியது; பி என்னும் ஆங்கில எழுத்து 13 ஆகிவிட்டது. ஒவ்வொரு பிழையையும் தேடித் திருத்திக்கொண்டிருந்தால் அவ்வேலைக்கு முடிவே இராது. பிழை பிறக்கும் இடம் படியெடுக்கும் வேலைதான் என்றால், அவ்வேலையை மனிதரிடமிருந்து எடுத்துக் கணினியிடமே ஒப்படைத்துவிடலாம் அல்லவா? இச்சிந்தனையின் பயனாக 1952ஆம் ஆண்டு, ஏ-சுழியம் என்னும் தொகுப்பி உருவானது. அது சேமித்து வைத்த நிரல் பகுதிகளைத் தானே எடுத்துக் கோத்தது. கணினியால் கணக்கு மட்டுமே போட முடியும் என்று நம்பியிருந்த பலர், முதலில் இதை ஏற்கவில்லை.

ஹோப்பர் தளரவில்லை. கணிதக் குறியீடுகளில் பழகாதவரும் கணினிக்குக் கட்டளையிட வேண்டும் என விரும்பி, ஆங்கிலச் சொற்களால் அமைந்த ஃப்ளோமேட்டிக் என்னும் நிரல்மொழியைத் தம் குழுவினருடன் உருவாக்கினார். 1959ஆம் ஆண்டு தொடங்கி ஒரு குழு வடிவமைத்த கோபால் மொழிக்கு அதுவே முக்கிய அடிப்படையாயிற்று. வங்கிகள் பலவற்றில் கோபால் நிரல்கள் இன்றும் இயங்குகின்றன.

பழக்கம் என்பதற்காக ஒன்றைத் தொடர்ந்து செய்வதை அவர் விரும்பியதில்லை. அதை நினைவூட்டுவதற்காகவே, முட்கள் எதிர்த்திசையில் சுழலும் கடிகாரம் ஒன்றைத் தம் அலுவலகச் சுவரில் மாட்டியிருந்தார். 1986ஆம் ஆண்டு, 79ஆம் வயதில் கடற்படைத் தளபதிகளுள் ஒருவராக ஓய்வு பெற்றார். 1992ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள் தம் 85ஆம் வயதில் மறைந்தார். அமெரிக்கப் போர்க்கப்பல் ஒன்று அவர் பெயரைத் தாங்கியுள்ளது. 2016ஆம் ஆண்டு, அந்நாட்டின் மிக உயரிய குடிமக்கள் விருது அவர் மறைவுக்குப் பின் அவருக்கு வழங்கப்பட்டது.

நோயை அறிந்து, அதன் காரணத்தை ஆராய்ந்து, பிறகே மருந்து தர வேண்டும் என்பது வள்ளுவர் காட்டிய வழி. கணினிக் கோளாற்றுக்கும் இது பொருந்தும். பிழைச் செய்தி தோன்றினால் அதை அப்படியே எழுதிக்கொள்ள வேண்டும். அது தோன்றிய நேரத்தையும், அதற்குச் சற்று முன்பு நாம் செய்ததையும் குறித்துக்கொள்ள வேண்டும். பின்னர், ஒரு முறைக்கு ஒரு மாற்றம் மட்டுமே செய்து பார்க்க வேண்டும். பலவற்றை ஒரே நேரத்தில் மாற்றினால், கோளாறு நீங்கினாலும் அதன் காரணம் தெரியாமலே போய்விடும்.

அந்துப்பூச்சி ஒட்டப்பட்ட அந்தப் பதிவேடு இன்று வாஷிங்டனிலுள்ள அமெரிக்க வரலாற்று அருங்காட்சியகத்தில் பாதுகாக்கப்படுகிறது. பிழையை மறைக்காமல் எழுதி வைத்தவர்களின் நேர்மைக்கு அது சான்றாக விளங்குகிறது.