முன்னோர் பிழையும் மைசூர் மன்னரும்

மைசூர் நாட்டை ஆண்ட நான்காம் கிருஷ்ணராஜ உடையார் 1884ஆம் ஆண்டு ஜூன் 4ஆம் நாள் பிறந்தார். தந்தையார் சாமராஜேந்திர உடையார் 1894இல் காலமானபோது மைந்தருக்கு வயது பத்து. அன்னையார் வாணிவிலாச அம்மணியார் அரசுப் பொறுப்பை ஏற்று நடத்தினார். பதினெட்டாம் வயதில், 1902இல், மன்னர் முழு அதிகாரம் பெற்றார்.

அவ்வாண்டிலேயே சிவசமுத்திரத்து மின்சாரம் நம்மவர் பாடுபட்ட கோலார் தங்கவயலுக்குச் சென்றது. 1905இல் பெங்களூர்த் தெருக்களில் மின்விளக்குகள் எரிந்தன. 1913இல் கட்டாயத் தொடக்கக் கல்விச் சட்டமும், 1916இல் மைசூர்ப் பல்கலைக்கழகமும் தோன்றின. இவற்றைப் பலரும் அறிவர். நாம் இங்குக் கூற விழைவது வேறொன்று.

அக்காலத்தில் அரசாங்க உத்தியோகங்களில் பெரும்பாலானவை தொகையிற் சிறியவரான பிராமண வகுப்பாரிடமே இருந்தன. மற்ற வகுப்பார் முறையிடவே, மன்னர் 1918இல் தலைமை நீதிபதி சர் லெஸ்லி மில்லர் தலைமையில் ஒரு குழுவை அமைத்தார். தகுதி குறைந்துவிடும் என்று கருதிய திவான் விசுவேசுவரய்யா பதவியைத் துறந்தார். பேரறிஞரான அவரை இழக்க நேர்ந்தும் மன்னர் பின்வாங்கவில்லை. குழுவின் அறிக்கை 1919இல் வந்தது. ஏழாண்டுகளுக்குள் மேல்நிலைப் பதவிகளிற் பாதியும் கீழ்நிலைப் பதவிகளில் மூன்றில் இரண்டு பங்கும் பின்தங்கிய வகுப்பார்க்குக் கிடைக்கவேண்டும் என்று 1921இல் ஆணை பிறந்தது.

பாட்டன் செய்த பிழைக்கு, கண்விழித்துப் படித்துத் தேறிய பேரன் என்ன செய்வான் என்று கேட்போர் உண்டு. வினா நேர்மையானதே. பழி அவனைச் சேராது. அவரவர் வினைக்கு அவரவரே உரியர் என்பதன்றோ ததாகதர் போதம்! தாழ்ந்த பிறப்பு பழவினையின் தண்டனை என்று நம்மவர்மீது சுமத்திய பழியை மறுத்தவர் நாம். அங்ஙனம் மறுத்த நாமே, அக்கிரகாரத்தில் இன்று பிறந்த குழந்தைமேற் பழி சுமத்துதல் தகுமோ?

ஆயினும் பழி வேறு, கடமை வேறு. ஆலையில் வேலை செய்தோர் இதனை எளிதில் உணர்வர். முன் ஷிப்டுக்காரன் அறுந்த இழைகளை அப்படியே விட்டுப் போயிருப்பான். பின்வந்தவனை எவரும் குற்றஞ்சாட்டார். ஆனால் இழைகளைப் பிணைக்காமல் அவன் தறியை ஓட்டலாகாது. ஓட்டினால் துணி கெடும், அப்போது குற்றம் அவனுடையதாகும். முன்னோர் சேர்த்த நிலமும் கல்வியும் மதிப்பும் எனக்கே உரியவை, அவற்றால் பிறர் இழந்ததைப் பற்றி எனக்கென்ன என்பவன் நிலையும் அதுவே.

மன்னர் அரியணையை முன்னோரிடமிருந்து பெற்றவர். அதனோடு வந்த அநீதியையும் தம் பொறுப்பாகக் கொண்டார். அவருடைய ஆணை எவரையும் குற்றவாளி என்னவில்லை. அடைத்துக் கிடந்த வழியைத் திறக்க முயன்றது.

குறையையும் மறைத்தலாகாது. அவ்வாணையின் பயன் பெரிதும் நிலமுடைய வகுப்பார்க்கே சென்றது. நம்மவர்க்குக் கிட்டியது சிறிதே. மன்னர் 1940ஆம் ஆண்டு ஆகஸ்டு 3ஆம் நாள் மறைந்தார். கோயில் நுழைவுச் சட்டம் 1948இல்தான் வந்தது.

அன்பர்களே! எஞ்சிய இழைகள் இன்னும் பல. நம் இல்லங்களிலும், பெண்மக்கள்பால் முன்னோர் இழைத்த அநீதி தொடர்கின்றதன்றோ? அதனைப் பிணைக்கும் முறை நம்முடையது.