பந்தாட்ட ஆசான் க்னூட் ராக்னி

கலாசாலை என்றவுடன் நம் நினைவிற்கு வருவன நூல்நிலையமும், விரிவுரை மண்டபமும், சோதனைச் சாலையுமேயாம். விளையாட்டு மைதானமும் ஒரு வகுப்பறை என்பதனையும், ஆங்கு நின்று பயிற்றும் ஆசிரியரும் மாணவர் உள்ளத்தை உருவாக்கும் பொறுப்புடையார் என்பதனையும் நாம் பெரும்பாலும் மறந்துவிடுகின்றோம். பதின்மூன்று ஆண்டுகள் ஒரே கலாசாலையில் தலைமையேற்றுப் பந்தாட்டம் பயிற்றி, அத்தொழில் ஒன்றினாலேயே உலகறிந்த புகழ் எய்திய ஒருவரின் வரலாற்றை ஈண்டுச் சுருங்கக் கூறப் புகுகின்றோம். அவர் பெற்ற வெற்றிகளை எண்ணிக்காட்டுவது நம் கருத்தன்று. பிறர் உள்ளத்தில் ஊக்கத்தை எழுப்புவது எங்ஙனம்? அதன் பொருட்டு ஓர் ஆசிரியர் எவ்வளவு தூரம் செல்லலாம்? இவ்வினாக்களுக்கு அவர் வாழ்க்கை விடை தருகின்றது. சிலவிடங்களில் அவ்விடை நம்மை இடர்ப்படுத்தவும் செய்கின்றது.

க்னூட் ராக்னி 1888-ம் ஆண்டு மார்ச்சு மாதம் 4-ந் தேதி நார்வே தேசத்தில் வோஸ் என்னும் ஊரில் பிறந்தார். தந்தையார் வண்டி செய்யும் தொழிலில் வல்லவர். 1893-ம் ஆண்டில் அமெரிக்க நாட்டுச் சிக்காகோ நகரில் நடந்த உலகப் பொருட்காட்சியை முன்னிட்டு அவர் கடல் கடந்து சென்றார். குடும்பத்தாரும் பின்னர் அங்குச் சேர்ந்தனர். அப்பொழுது க்னூட் ஐந்து வயதுச் சிறுவர். வேற்று மொழி வழங்கும் நகரில், பல தேசத்துச் சிறுவரோடு தெருவிலும் திடலிலும் விளையாடி அவர் வளர்ந்தார். வளர்ந்தபின் சில ஆண்டுகள் சிக்காகோத் தபால் நிலையத்தில் பணி செய்து சிறிது பொருள் சேர்த்தார். அப்பொருளைக் கொண்டு, 1910-ம் ஆண்டில், இந்தியானா மாகாணத்தில் சவுத் பெண்டு நகரையடுத்துள்ள நோட்டர் டேம் கலாசாலையிற் சேர்ந்தார்.

அக்கலாசாலை 1842-ம் ஆண்டில் கத்தோலிக்கத் துறவியரால் நிறுவப்பெற்றது. ராக்னியோ லுத்தரன் சபையைச் சார்ந்தவர். வயதும் இருபத்திரண்டு ஆகியிருந்தது. தலைமயிரும் உதிரத் தொடங்கியிருந்தது. இரசாயனச் சோதனைச் சாலையைத் துப்புரவு செய்யும் வேலை பார்த்துக்கொண்டே அவர் கல்வி பயின்றார். இங்ஙனம் வறுமையோடு வாதாடிக் கற்றவர் 1914-ம் ஆண்டில் மருந்தியலிற் சிறப்புத் தேர்ச்சியுடன் பட்டம் பெற்றார். செயற்கை ரப்பருக்கு அடிகோலிய ஆராய்ச்சிகளைச் செய்த நியூலண்டு பாதிரியாரின் கீழ் இரசாயனம் கற்பிக்கும் துணையாசிரியராகவும், பந்தாட்டத்தில் உதவிப் பயிற்சியாசிரியராகவும் அதே கலாசாலையில் அவர் அமர்ந்தார்.

நிற்க. அமெரிக்கர் கால்பந்து என வழங்கும் ஆட்டம் நாம் ஆடும் உதைபந்தாட்டம் அன்று. பக்கத்திற்குப் பதினொருவர் ஆடுவது இரண்டிற்கும் பொதுவாயினும், அங்குப் பந்து முட்டை வடிவினது. அதனைப் பெரும்பாலும் கையிலேந்தியே ஓடுவர். எதிர்ப்பக்கத்தார் மறித்துக் கீழே வீழ்த்துவர். நான்கு முயற்சிகளுக்குள் பத்துக் கெஜ தூரம் முன்னேறாவிடிற் பந்து எதிரிகள் கைக்குப் போய்விடும். முன்னோக்கிப் பந்தை எறியலாம் என்னும் விதி 1906-ம் ஆண்டிலேதான் உண்டாயிற்று. அதனைத் திறம்படக் கையாண்டவர் அந்நாளிற் சிலரே. 1913-ம் ஆண்டுக் கோடையில், மாணவராயிருந்த ராக்னியும் அவர்தம் நண்பர் டோரேயும் ஈரி ஏரிக்கரையிலுள்ள சீடர் பாயிண்டு என்னும் உல்லாச விடுதியில் வேலைக்குச் சென்றபொழுது, ஓய்வு நேரமெல்லாம் மணலில் நின்று ஒருவர் எறியவும் மற்றவர் ஓடிக்கொண்டே பிடிக்கவும் பழகினர். அவ்வாண்டு நவம்பர் 1-ந் தேதி, வெஸ்ட் பாயிண்டு இராணுவக் கலாசாலையாரை அவர்தம் மைதானத்திலேயே 35-க்கு 13 என்னும் கணக்கில் நோட்டர் டேம் வென்றது. பெயர் அறியாத ஒரு சிறு கலாசாலையை நாடு முழுதும் திரும்பிப் பார்த்த நாள் அது.

1918-ம் ஆண்டில் ராக்னி தலைமைப் பயிற்சியாசிரியரானார். 1930-ம் ஆண்டு முடிய அவர் நடத்திய ஆட்டங்களில் வெற்றி 105, தோல்வி 12, சமம் 5. அவற்றுள் ஐந்து ஆண்டுகளில் தோல்வியும் இல்லை, சமமும் இல்லை.

இத்தகைய வெற்றிக்குக் காரணம் யாது? உயரம் மிகாத உடலும், வழுக்கைத் தலையும், அடிபட்டுத் தட்டையான மூக்கும் உடைய அவரிடம் கண்டாரை மயக்கும் தோற்றம் யாதும் இல்லை. ஆயினும் அவர் வாய் திறந்தால், சொற்கள் படபடவென்று தெறித்து வர, கேட்போர் எழுந்து நிற்பர் என்பர். பலர் அவர் பேச்சையே அவர்தம் ஆற்றலெனக் கருதினர். நாம் அங்ஙனம் கருதவில்லை. ஒவ்வொரு மாணவனையும் தனித்தனியே அறிந்து வைத்திருந்த அறிவே அவர்தம் முதற்பொருள். ஒருவனைக் கடிந்துரைத்தால் அவன் சீறி எழுவான். மற்றொருவன் அதே சொல்லால் வாடிப்போவான். இவ்வேறுபாட்டை அவர் நன்குணர்ந்திருந்தார். திருக்குறளிலே தெரிந்து வினையாடல் என்னும் அதிகாரம் அரசர்க்குக் கூறுவதனை இவர் மைதானத்தில் நடத்திக்காட்டினார் எனலாம்.

ஓர் உதாரணம் கூறுவாம். ஸ்டல்டிரயர், மில்லர், குரௌலி, லேடன் என்னும் நால்வர் 1922 முதல் 1924 வரை அவர்தம் குழுவின் பின்வரிசையில் ஆடினர். 1924-ம் ஆண்டு அக்டோபரில் நியூயார்க்கில் இராணுவக் கலாசாலையாரை அவர்கள் வென்றபின், கிராண்ட்லண்டு ரைஸ் என்னும் பத்திரிகையாளர் அவர்களை விவிலியத்தின் இறுதி நூலில் வரும் நான்கு குதிரை வீரர்க்கு ஒப்பிட்டு எழுதினார். புகழ் நாடெங்கும் பரவிற்று. இளைஞர்க்குச் செருக்குத் தலைக்கேறிற்று. ராக்னி அவர்களை வைதாரில்லை. அடுத்தோர் ஆட்டத்தில், அவர்கட்கு முன்னின்று வழியமைத்துக் கொடுக்கும் முன்வரிசையார் எழுவரையும் அமரச் செய்து, புதியவர் எழுவரை அவ்விடத்தில் நிறுத்தினார் என்று ஒரு செய்தி வழங்குகின்றது. குதிரை வீரரால் ஓரடியும் முன்னேற இயலவில்லை. பின்னர்ப் பழைய எழுவரையும் அனுப்பவே ஆட்டம் நேராயிற்று. பொதிகழுதைகள் என்று வேடிக்கையாக அழைக்கப்பெற்ற அவ்வெழுவரின் அருமையை அந்நால்வரும் அன்று அறிந்தனர். உபதேசம் செய்யாமலே உபதேசம் செய்த முறை இது.

இனி, நம்மை இடர்ப்படுத்தும் பகுதிக்கு வருவாம். 1922-ம் ஆண்டில் ஜார்ஜியா தொழிற் கலாசாலையாரோடு ஆடும் பொருட்டு அவர் தம் குழுவை அட்லாண்டா நகருக்கு அழைத்துச் சென்றார். ஆட்டத்திற்கு முன் தந்திகள் சிலவற்றை வாசித்து, இறுதியில் ஒன்றை எடுத்துக் குரல் தழுதழுக்கப் படித்தார். சிறுவனாகிய தம் மகன் நோயுற்று மருத்துவமனையிற் கிடப்பதாகவும், தந்தையின் குழு வெல்ல வேண்டுமென அவன் விரும்புவதாகவும் அதிற் கண்டிருந்ததாம். இளைஞர் பாய்ந்து சென்று ஆடி 13-க்கு 3 என வென்றனர். ஊர் திரும்பியபொழுது புகைவண்டி நிலையத்தில் அவர்களை வரவேற்ற கூட்டத்தின் முன்னே, அச்சிறுவன் நோயின் சுவடு ஒன்றுமின்றித் துள்ளிக்கொண்டிருந்தான் என்று அன்று ஆடியவரே பின்னாளில் நகைப்போடு கூறி வந்தனர்.

குற்றமற்ற நன்மையைத் தருமாயின் பொய்யும் வாய்மையின் இடத்ததாகும் என்பது வள்ளுவர் கருத்து. ஓர் ஆட்டத்தின் வெற்றி அத்தகைய நன்மையாகுமா? ஆகாது என்றே நாம் எண்ணுகின்றோம். மாணவன் தன் ஆசிரியர் சொல்லை ஆராயாது ஏற்கின்றான். அந்த நம்பிக்கையைச் செலவிட்டு வாங்கும் வெற்றி விலையுயர்ந்த வெற்றியேயாம். அவர் மாணவர் சினவாது நகைத்தனர் என்பது, ராக்னி அவர்கள்பால் வேறு வகையில் ஈட்டி வைத்திருந்த அன்பின் பெருமையைக் காட்டுமேயன்றி, அச்செயலின் நேர்மையைக் காட்டாது.

1928-ம் ஆண்டு நிகழ்ச்சி இதனினும் புகழ்பெற்றது. ஜார்ஜ் கிப் என்னும் மாணவன் நோட்டர் டேமில் ஆடியவருள் ஒப்பற்றவன். கால்பந்து ஆட வாராமல் வேறு ஆட்டத்தின் பொருட்டு வந்த அவனை, 1916-ம் ஆண்டில் மைதானத்தில் வெறுமனே பந்தை உதைத்துக்கொண்டு நிற்கக் கண்டு ராக்னியே தேர்ந்தெடுத்தார். சூதாட்டத்திலும் பில்லியர்ட்ஸ் ஆட்டத்திலும் காலம் போக்கி, வகுப்பையும் பயிற்சியையும் புறக்கணித்த அவனிடம் அவர் பொறுமையோடு நடந்துகொண்டார். 1920-ம் ஆண்டு டிசம்பர் 14-ந் தேதி, தொண்டைப் புண்ணும் நிமோனியாவும் கண்டு, இருபத்தைந்தாம் வயதில் கிப் இறந்தான். எட்டு ஆண்டுகள் சென்றன. 1928-ம் ஆண்டில் ராக்னியின் குழு நலிந்திருந்தது; இராணுவக் கலாசாலையாரோ அதுவரை தோல்வி காணாதவர். நவம்பர் 10-ந் தேதி நியூயார்க்கில் இரு குழுவினரும் எதிர்ப்பட்டபொழுது, ராக்னி தம் இளைஞரை அருகழைத்துக் கிப்பின் மரணப்படுக்கையை நினைவூட்டினார். என்றேனும் குழு மிக இடருறும் நாளில், தன் பொருட்டு ஒரு வெற்றி பெறுமாறு பிள்ளைகளிடம் சொல்லவேண்டுமென்று அவன் வேண்டிக்கொண்டதாகவும், அந்நாள் இதுவே என்றும் கூறினார். கேட்டவர் கண்ணீர் வடித்தனர். அன்று நோட்டர் டேம் 12-க்கு 6 என வென்றது.

கிப் அங்ஙனம் சொன்னதுண்டா என்பது குறித்து ஐயுறுவார் பலர். அதனினும் நாம் நோக்கத்தக்கது வேறொன்றுண்டு. அடுத்த வாரம், நவம்பர் 17-ந் தேதி, அதே இளைஞர் தம் சொந்த மைதானத்தில் கார்னெகி தொழிற் கலாசாலையாரிடம் 27-க்கு 7 எனத் தோற்றனர். 1905-ம் ஆண்டிற்குப்பின் நோட்டர் டேம் தன் மைதானத்திற் கண்ட முதல் தோல்வி அதுவே. அவ்வாண்டு முடிவில் வெற்றி 5, தோல்வி 4. ராக்னியின் ஆண்டுகளில் மிகக் கீழானது அது. சொல்லால் மூண்ட தீ ஒரு நாள் எரிந்தது, மறுவாரம் அவிந்தது. இவ்விரண்டாம் பகுதியை எவரும் கதையாகச் சொல்லுவதில்லை.

இதே கார்னெகி கலாசாலை ராக்னிக்கு முன்பும் ஒரு பாடம் கற்பித்திருந்தது. 1926-ம் ஆண்டில், ஆடிய எட்டு ஆட்டங்களிலும் வென்ற செருக்கால் அவர்களை எளியரென மதித்து, குழுவை உதவியாளரிடம் விட்டு, ராக்னி சிக்காகோவில் நடந்த வேறோர் ஆட்டத்தைக் காணச் சென்றுவிட்டார். அவரில்லாத குழு 19-க்கு 0 எனத் தோற்றது. மாணவர் செருக்கை அடக்கிய ஆசான் தம் செருக்கால் வீழ்ந்த நாள் அது.

ஆனால் 1929-ம் ஆண்டின் வரலாறு வேறு. புதிய மைதானம் கட்டப்பெற்றுவந்தமையால் அவ்வாண்டு எல்லா ஆட்டங்களையும் வெளியூரிலேயே ஆட நேர்ந்தது. ராக்னியின் காலில் இரத்தம் உறைந்து பெருநோய் கண்டது. உறைந்த இரத்தம் இருதயத்திற்கோ மூளைக்கோ சென்றால் உயிர் போகும் என்று வைத்தியர் எச்சரித்தனர். சில ஆட்டங்களுக்கு அவரால் செல்லவே இயலவில்லை. எனினும் அவர் மோட்டார் வண்டியில் மைதானத்திற்கு வந்து, அதிலிருந்தபடியே ஒலிபெருக்கி வாயிலாகப் பயிற்சி அளித்தார். அக்டோபர் 26-ந் தேதி பிட்ஸ்பர்க்கு நகரில், முன் இருமுறையும் தம்மை வீழ்த்திய கார்னெகியாரோடு ஆட்டம். வைத்தியர் சொல்லையும் கடந்து சென்ற அவரைப் பிறர் கையில் ஏந்தி ஆட்டக்காரர் அறைக்குட் கொண்டுவந்தனர். இம்முறை தந்தியும் இல்லை, கற்பனையும் இல்லை. உண்மையாகவே நோயுற்ற ஒருவர், உண்மையாகவே உயிரைப் பணயம் வைத்துத் தம் முன் இருப்பதனை இளைஞர் கண்டனர். 7-க்கு 0 என வென்றனர். அவ்வாண்டின் ஒன்பது ஆட்டங்களிலும் வென்றனர். அடுத்த ஆண்டின் பத்திலும் வென்றனர். மனம் கரைந்து பெற்ற வெற்றி ஒன்றோடு நின்றது. ஆசான் உடனிருக்கக் கண்டு பெற்ற வெற்றி ஈராண்டு தொடர்ந்தது. ஆட்டக்காரர் திறமையும் இதற்குக் காரணமாதல் உண்மையே. ஆயினும் ராக்னியின் வாழ்க்கை நமக்குக் கூறும் செய்தி இதுவென்றே நாம் கொள்ளுகின்றோம்.

அவர் மாணவரிடமிருந்து கற்கவும் நாணவில்லை. வெளியூர் ஆட்டத்தன்று விடியற்காலையில் துயிலொழித்து வழிபாட்டிற்குச் செல்லும் இளைஞரைக் கண்டு உள்ளம் நெகிழ்ந்தே, 1925-ம் ஆண்டில் அவர் கத்தோலிக்க சபையிற் சேர்ந்தார் என்பர். 1930-ம் ஆண்டில் பிராங்க் லேஹி என்னும் மாணவன் முழங்காலில் உற்ற காயத்தால் ஆட இயலாதவனாயினான். தம் கால் சிகிச்சைக்காக மேயோ மருத்துவமனைக்குச் சென்ற ராக்னி அவனையும் உடனழைத்துச் சென்றார். நோய்ப்படுக்கையிற் கிடந்தபடியே இருவரும் நாளெல்லாம் ஆட்டநுட்பங்களைப் பேசிக் கழித்தனர். ஆட்டத்திற்கு இனி உதவாதவனென எவனையும் அவர் கைவிட்டாரில்லை. அந்த லேஹியே பின்னாளில் நோட்டர் டேமின் பயிற்சியாசிரியராகிப் பெரும்புகழ் பெற்றார்.

1931-ம் ஆண்டு மார்ச்சு 31-ந் தேதி, கான்சஸ் நகரிலிருந்து லாஸ் ஏஞ்சல்ஸ் நோக்கிச் சென்ற ஆகாய விமானம் ஒன்று பசார் என்னும் சிற்றூரின் அருகே, மரத்தாலாகிய இறக்கை முறிந்து வீழ்ந்தது. அதிலிருந்த எண்மரும் மாண்டனர்; ராக்னி அவருள் ஒருவர். வயது நாற்பத்து மூன்று. அவரைப் பெற்ற நார்வே நாட்டின் அரசரும் இறுதிச் சடங்கிற்குத் தம் பிரதிநிதியை அனுப்பினார். அவ்விபத்தின் பின்னர் அமெரிக்க நாட்டில் விமானங்களைச் சோதிக்கும் முறை கடுமையாக்கப்பெற்றது. 1940-ம் ஆண்டில் அவர் வரலாறு சினிமாப் படமாயிற்று. அதிற் கிப்பாக நடித்த ரொனால்டு ரீகன் 1981-ம் ஆண்டில் அந்நாட்டின் ஜனாதிபதியானார். கிப்பின் கதையும் அவரோடு உலகெங்கும் சென்றது.

மாணவ நண்பர்களே, ஒரு காலத்தில் நம்முள்ளும் பலர் ஆசிரியராவர், குழுத்தலைவராவர், பெற்றோராவர். பிறரை ஊக்கும் கடமை அன்று நம்மேல் வீழும். உருக்கமான சொல் ஒன்றைத் தேடி அப்பொழுது நம் மனம் ஓடும். அந்நேரத்தில் ராக்னியின் தந்தியை மறந்து, பிட்ஸ்பர்க்கு நகரிலே பிறர் கையில் ஏந்தப்பெற்று வந்த ராக்னியை நினைப்போமாக.