டூர் டி பிரான்ஸ்: பேப்பர் விற்கத் தொடங்கிய பந்தயம்! யார் இந்த ஹென்றி டெக்ராஞ்ச்?

உலகின் பிரபல சைக்கிள் பந்தயமான டூர் டி பிரான்ஸைத் தொடங்கியது விளையாட்டுச் சங்கம் இல்லை, ஒரு பேப்பர். அதன் ஆசிரியர் ஹென்றி டெக்ராஞ்ச்.

1865-ல் பாரிஸில் பிறந்தவர். வக்கீல் ஆபீஸில் வேலை. 1893-ல் ஒரு மணி நேரத்தில் 35.325 கி.மீ. சைக்கிள் மிதித்து சாதனை படைத்தார்.

அப்போது 'லெ வேலோ'தான் பெரிய விளையாட்டு நாளிதழ். டிரேஃபஸ் வழக்கில் அதன் ஆசிரியர் பியர் ஜிஃபார் எடுத்த நிலைப்பாடு, கார் தயாரிப்பாளர் டி டியோனுக்குப் பிடிக்கல. மற்ற முதலாளிகளையும் சேர்த்துக்கொண்டு 1900-ல் போட்டிப் பேப்பரே தொடங்கிவிட்டார். பின்னர் 'லோட்டோ' எனப் பெயர் மாறிய அதற்கு டெக்ராஞ்ச் ஆசிரியர். அதாவது, எந்த கம்பெனிகளைப் பற்றி எழுதணுமோ, அவங்க பணத்தில்தான் பேப்பரே!

விற்பனை மந்தம். நிருபர் ஜியோ லெஃபெவ்ர் யோசனைப்படி 1903 ஜூலையில் பந்தயம் கிளம்பியது. 60 வீரர்கள். நடத்துவதும் செய்தி எழுதுவதும் ஒரே பேப்பர். விற்பனை எகிற, அடுத்த ஆண்டே லெ வேலோ மூடப்பட்டது.

ஆனால் 1924-ல் பெலிசியே சகோதரர்கள் பாதியில் விலகி, தாங்கள் விழுங்கும் மாத்திரைகளைக் காட்டியது வேறொரு பேப்பரின் நிருபர் ஆல்பர் லோந்தரிடம்.

சைக்கிள் கம்பெனிகளின் பிடி டெக்ராஞ்சையே எரிச்சலூட்டியது. 1930-ல் கம்பெனி அணிகளை நீக்கி, நாடுகளின் அணிகளைக் கொண்டுவந்தார். எல்லோருக்கும் கம்பெனி பெயரில்லாத மஞ்சள் சைக்கிள். செலவுக்கு? பந்தயத்தோடு விளம்பர வண்டிகளின் ஊர்வலம். யார் பணம் என்பது வண்டியிலேயே தெரியும்.

1940-ல் அவர் காலமானார். முன்னிலை வீரர் அணியும் மஞ்சள் ஜெர்சி இன்றும் இருக்கு. லோட்டோ அச்சான தாளின் நிறமும் மஞ்சள்தான்.