ஜேம்ஸ் வாட்

இயந்திரத் தொழில் முதன்முதலில் தழைத்த நாடு பிரிட்டன். அறிவிற் சிறந்தோர் பிற நாடுகளிலும் இருந்தனர். கைவினையில் வல்லோர் நம் நாட்டிலும் சீனத்திலும் நிறைந்திருந்தனர். அங்ஙனமிருக்கப் பிரிட்டன் முந்தியது எவ்வாறு? ஜேம்ஸ் வாட்டின் வாழ்க்கை இவ்வினாவிற்கு விடை பகரும்.

ஸ்காட்லாந்திலுள்ள கிரீனக் என்னும் துறைமுகப்பட்டினத்தில் 1736ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 19ஆம் நாள் வாட் பிறந்தார். தந்தையார் கப்பல் கட்டும் தொழிலினர். நோயால் மெலிந்த வாட், இளமையில் பெரும்பாலும் வீட்டிலேயே கல்வி கற்றார். தந்தையாரின் பட்டறையில் கருவிகளைக் கையாளப் பழகினார். பின்னர் இலண்டன் சென்று, நுண்கருவிகள் செய்யும் தொழிலை ஓராண்டு பயின்றார். கிளாஸ்கோ நகரில் பட்டறை வைக்க விரும்பியபொழுது, அந்நகரத் தொழிற்குழுவினர் தடுத்தனர். 1757இல் பல்கலைக் கழகத்தார் தம் எல்லைக்குள் அவருக்கு இடமளித்து ஆதரித்தனர்.

கெண்டி நீர் கொதிக்கக் கண்டு அவர் நீராவிப் பொறியைக் கண்டுபிடித்தார் என்பது கதையே. அவர் பிறக்குமுன்பே, 1712இல், நியூகாமன் என்பார் அமைத்த பொறி சுரங்க நீரை இறைத்தது. பிரிட்டனில் விறகு அருகியமையால் மக்கள் நிலக்கரியை நாடினர். சுரங்கங்களை ஆழத் தோண்டுந்தோறும் நீர் பெருகிற்று. அதனை வெளியேற்றவே அப்பொறி தோன்றியது. அஃது அளவின்றிக் கரியை விழுங்கியது; ஆயினும், சுரங்க வாயிலில் கரி மலிவு; ஆட்கூலியோ மிகுதி. ஆதலால் அங்கு அது பயன் தந்தது.

1763ஆம் ஆண்டளவில் பல்கலைக் கழகத்திற்குரிய நியூகாமன் பொறியின் சிற்றுரு ஒன்று வாட்டிடம் பழுது பார்க்க வந்தது. அதன் உருளை மாறி மாறிச் சூடேறிக் குளிர்வதால் நீராவி பெரிதும் வீணாவதை அவர் உணர்ந்தார். 1765இல் வழி புலப்பட்டது: நீராவியைத் தனிக் கலமொன்றிற் குளிர்வித்தால், உருளை என்றும் சூடாகவே இருக்கும்.

கருத்துத் தோன்றியது ஒரு நாளில். அது கருவியாக முதிரப் பத்தாண்டுகள் சென்றன. முதற் கூட்டாளியாகிய ரோபக் பொருளிழந்து நொடித்தார். குடும்பத்தைக் காக்க, வாட் கால்வாய்களுக்கு நிலம் அளந்தார். 1773இல் மனைவியையும் இழந்தார். மறு ஆண்டு பர்மிங்ஹாம் சென்று, போல்ட்டன் என்னும் தொழிலதிபருடன் சேர்ந்தார். 1769இல் பெற்ற காப்புரிமையை 1775இல் பாராளுமன்றம் மேலும் 25 ஆண்டுகளுக்கு நீட்டியது. பீரங்கி துளைப்பதில் வல்லவராகிய வில்க்கின்சன், செம்மையான உருளைகளைக் குடைந்தளித்தார். 1776இல் பொறிகள் இயங்கின. கரி அரிதான கார்ன்வால் சுரங்கங்களில், மிச்சமாகும் கரியின் மதிப்பில் மூன்றில் ஒரு பங்கே கட்டணமாயிற்று. 1781இல் சக்கரத்தைச் சுழற்றும் முறையையும் வாட் வகுத்தார். அதன்பின் ஆற்றங்கரையை நாடாமலே ஆலைகள் எழுந்தன.

பிரெஞ்சு நாட்டிற் பிறந்த பாப்பின், 1690ஆம் ஆண்டிலேயே நீராவியின் ஆற்றலைச் சிறு உருளையொன்றில் காட்டினார். ஆயினும், அவருக்குப் போதிய பொருளுதவியும், பெரும்பொறி வார்க்கும் கம்மியரும் வாய்க்கவில்லை. வாட்டிற்கோ இவையனைத்தும் வாய்த்தன. கடல் கடந்த வாணிகமும் பிரிட்டனுக்குச் செல்வம் சேர்த்தது. அதன் ஒரு பகுதி அடிமைகளின் உழைப்பால் வந்ததென்பதையும் மறத்தலாகாது. பின்னர், நிலக்கரி வளம் மிகுந்த பெல்ஜியம் முதலிய நாடுகளும் இவ்வழியைப் பின்பற்றின.

1819ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 25ஆம் நாள் வாட் மறைந்தார். ஆற்றலை அளக்கும் அலகு இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. விதை நன்றாயினும், நிலமும் நீரும் வாய்த்தாலன்றி விளைவு இல்லை. அறிஞரின் அறிவும் அவ்வாறே. அதனைப் பேணி வளர்க்கும் நாடே முன்னேறும்.