லியோ கானரும் ஒரு பொம்மை நாயும்

ஆட்டிசம்னு சொன்னதும் சினிமால வர்ற கணக்குப் புலிதான் உங்களுக்கு ஞாபகம் வருதா? அப்போ லியோ கானரைத் தெரிஞ்சுக்கோங்க நண்பர்களே.

1894-ல் இன்றைய உக்ரைனில், யூதக் குடும்பத்தில் பிறந்தவர். பெர்லினில் மருத்துவம் படித்து, 1924-ல் அமெரிக்கா போனார். 1930-ல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் குழந்தைகள் மனநலப் பிரிவைத் தொடங்கினார்.

1943-ல் 11 குழந்தைகளைப் பற்றி அவர் எழுதிய கட்டுரைதான் ஆட்டிசத்தைத் தனி நிலையாக அடையாளம் காட்டியது. அதில் 8 பேர் பேசினாங்க, 3 பேர் பேசல. பேசினவங்களும் நான் என்கிற இடத்தில் நீ என்றார்கள். பால் வேணும்னா, அம்மா கேட்கிற மாதிரியே, உனக்குப் பால் வேணுமான்னு கேட்கும் குழந்தையை யோசிச்சுப் பாருங்க.

ஒரு பையன் சம்பந்தமே இல்லாம, நாயை பால்கனியிலிருந்து எறியாதேன்னு சொல்லுவான். உளறல்னு விட்டிருக்கலாம். விசாரிச்சா, பல காலம் முன்னாடி ஒரு பொம்மை நாய்க்காக அம்மா அவனிடம் சொன்ன வார்த்தை! எதையாவது எறியத் தோணும்போது அதைச் சொல்லித்தான் அவன் தன்னைத் தடுத்துக்கொண்டான். இப்படிப்பட்ட பேச்சுகளுக்கு உள்ளே அர்த்தம் இருக்குன்னு 1946-ல் தனிக் கட்டுரையே எழுதினார்.

ஆனா, இவ்வளவு கூர்ந்து கேட்ட மனுஷன்தான் பெற்றோரைப் பாசம் குறைந்தவர்கள்னும் எழுதினார். பிறவியிலேயே வருவதுன்னு 1943-லேயே சொல்லிட்டு, ஏன் இப்படி? பழி முழுக்க அம்மாக்கள் தலையில விழுந்தது. 1969-ல்தான், தன் 75-வது வயதில், பெற்றோர் சங்கக் கூட்டத்தில் அவர்கள்மேல் குற்றமில்லை என்று அறிவித்தார். 1981-ல் காலமானார்.