பிறந்த ஒரே நிமிடத்தில் மார்க்... யார் இந்த வர்ஜீனியா அப்கார்?

பிரசவம் முடிந்து ஆஸ்பத்திரியில் கொடுக்கும் டிஸ்சார்ஜ் சம்மரியை எடுத்துப் பாருங்கள். குழந்தையின் எடை, பிறந்த நேரம் இவற்றோடு 'அப்கார் 8/10, 9/10' என்பது போல ஒரு வரி இருக்கும். பலரும் அதைக் கவனிச்சிருக்க மாட்டாங்க. அது ஓர் அமெரிக்க மருத்துவரின் பெயர்.

வர்ஜீனியா அப்கார் 1909 ஜூன் 7 அன்று நியூஜெர்சி மாநிலத்தின் வெஸ்ட்ஃபீல்டில் பிறந்தார். ஒரு அண்ணன் காசநோயில் சிறுவயதிலேயே இறந்துபோனார். இன்னொரு அண்ணன் நாள்பட்ட நோயாளி. 1929 செப்டம்பரில் நியூயார்க்கின் கொலம்பியா மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார் வர்ஜீனியா. அடுத்த மாதமே பங்குச்சந்தை சரிந்தது. கடன் வாங்கித்தான் படிப்பை முடித்தார். 1933-ல் வகுப்பில் நான்காம் இடம்.

ஆசைப்பட்டது அறுவை சிகிச்சை நிபுணராக. ஆனால், பெண் சர்ஜன்கள் தொழிலில் காலூன்ற முடியாமல் தவிப்பதைப் பார்த்திருந்த துறைத் தலைவர் ஆலன் விப்பிள், மயக்க மருந்துப் பக்கம் போகச் சொன்னார். அப்போது அது பெரும்பாலும் நர்ஸுகள் பார்த்த வேலை. அப்கார் போனார். 1938-ல் அந்தப் பிரிவுக்கே தலைவரானார். ஆள் பற்றாக்குறை, சமமாக மதிக்காத சர்ஜன்கள் எல்லாவற்றையும் சமாளித்து 11 ஆண்டுகள் அதை வளர்த்தார்.

1949-ல் அந்தப் பிரிவு தனித்துறை ஆனது. தலைவர் பதவி இன்னொரு ஆண் மருத்துவருக்குப் போனது! அப்காருக்கு முழுப் பேராசிரியர் பதவி கிடைத்தது. அந்தக் கல்லூரியில் அந்த நிலையை எட்டிய முதல் பெண் அவர்தான். இருந்தாலும், பட்ட பாட்டுக்கு அது ஆறுதல் பரிசு மாதிரிதான். நிர்வாகச் சுமை குறைந்ததும் அவர் திரும்பியது பிரசவ அறைப் பக்கம்.

அங்கே ஒரு விஷயம் உறுத்தியது. எல்லார் கண்ணும் தாய் மேலேயே இருக்கும். நீலம் பாரித்து, மூச்சு விடாமல் பிறந்த குழந்தை பிழைக்காது என்று ஓரமாக வைக்கப்படுவதும் உண்டு. 1930-களிலிருந்து அமெரிக்காவில் சிசு மரணங்கள் குறைந்துவந்தன. ஆனால், பிறந்த 24 மணி நேரத்துக்குள் நடக்கும் மரணங்கள் மட்டும் அப்படியே இருந்தன.

ஒருநாள் காலை உணவின்போது, பிறந்த குழந்தையின் நிலையை எப்படி மதிப்பிடுவது என்று ஒரு மாணவர் கேட்டாராம். கையில் கிடைத்த காகிதத்தில் ஐந்து விஷயங்களை எழுதினார் அப்கார். இதயத்துடிப்பு, மூச்சு, தூண்டினால் முகம் சுளிக்கிறதா, கை காலில் அசைவு, உடலின் நிறம். ஒவ்வொன்றுக்கும் 0, 1 அல்லது 2 மார்க். மொத்தம் 10. பிறந்து ஒரு நிமிடத்தில் போட வேண்டும். 1953-ல் இது கட்டுரையாக வெளியானது.

அவ்வளவுதானா? அவ்வளவுதான்! புதுக் கருவி எதுவும் வேண்டாம். ஆனால், மார்க் போடணும்னா யாராவது ஒருத்தர் அந்த நிமிடத்தில் குழந்தையைப் பார்த்தே ஆகணும். 2 மார்க் எடுத்த குழந்தையை எழுதிவைத்துவிட்டுச் சும்மா நிற்க முடியாது. பிரசவம் பார்த்தவரே மார்க் போடக் கூடாது என்பதிலும் அப்கார் கறாராக இருந்தார். தன் கையில் பிறந்த குழந்தைக்குத் தாராளமாகத்தானே போடுவார்கள்!

அடுத்து டங்கன் ஹாலடே, ஸ்டான்லி ஜேம்ஸ் ஆகியோருடன் சேர்ந்து குழந்தைகளின் ரத்தத்தை ஆராய்ந்தார். தொப்புள்கொடி ரத்தக்குழாய்க்குள் மெல்லிய குழாய் செலுத்தி ரத்த மாதிரி எடுத்தார்கள். பச்சிளம் குழந்தைகளின் தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் இன்றைக்கு இது அன்றாட வேலை. குறைந்த மார்க் வாங்கிய குழந்தைகளின் ரத்தத்தில் ஆக்ஸிஜன் குறைந்து, அமிலத்தன்மை ஏறியிருந்தது. பிறக்கும்போது ஆக்ஸிஜன் குறைவாக இருப்பது இயல்பு என்ற நம்பிக்கை அதோடு ஆட்டம்கண்டது. தாய்க்குக் கொடுத்த சைக்ளோபுரோபேன் என்ற மயக்க வாயு குழந்தையையும் சோர்வடையச் செய்வது தெரியவந்தது. அப்காருக்கு மிகவும் பிடித்த வாயு அது. தயங்காமல் கைவிட்டார். 1958-ல் 15,348 குழந்தைகளின் கணக்கு வெளியானது. மார்க் குறையக் குறைய ஆபத்து கூடுவதை அது உறுதிசெய்தது.

மார்க் குறைந்தால் பிள்ளை மந்தமாக வளருமோ என்று பயப்படும் பெற்றோர் இப்போதும் இருக்கிறார்கள். புத்திசாலித்தனத்தை அளக்கும் கணக்கு அல்ல இது. 7-க்கு மேல் இருந்தால் பொதுவாகக் கவலையில்லை. மூச்சு விடாத குழந்தைக்கு உதவ, இப்போதெல்லாம் அந்த ஒரு நிமிடம் வரைகூடக் காத்திருப்பதில்லை.

50 வயதில் பொதுச் சுகாதாரம் படித்து, 'மார்ச் ஆஃப் டைம்ஸ்' அறக்கட்டளையில் சேர்ந்தார். பிறவிக் குறைபாடுகளைப் பற்றி ஊர் ஊராகப் போய்ப் பேசினார். வழியில் யாருக்காவது மூச்சு நின்றால் உதவும் என்று பையில் ஒரு கத்தியும் குழாயும் எப்போதும் இருக்கும். வயலின், செல்லோ எல்லாம் சொந்தக் கையால் செய்தார். ஆஸ்பத்திரி டெலிபோன் பூத்தின் மரப்பலகை ஒரு வியோலாவுக்குப் பொருத்தமாகத் தெரியவே, ராத்திரியோடு ராத்திரியாக ஒரு தோழி அதைக் கழற்ற, இவர் வெளியே காவல் நின்ற கதையும் உண்டு!

1974 ஆகஸ்ட் 7 அன்று, 65 வயதில் நியூயார்க்கில் இறந்தார். 1994-ல் அமெரிக்க அரசு அவருக்குத் தபால்தலை வெளியிட்டபோது, அவர் செய்த கருவிகளைக் குழந்தை மருத்துவர்கள் வாசித்தார்கள்.