வைத்தியராயிருந்து யோகியான சுவாமி சிவானந்தர்

உடம்பு வேறு, உள்ளம் வேறு என்று பிரித்துப் பார்க்கும் வழக்கம் எமது முன்னோருக்கு இருந்ததில்லை. திருமூலர் தமது திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரத்தில் அட்டாங்க யோகத்தை விரித்துரைத்தார். இயமம், நியமம், ஆசனம், பிராணாயாமம், பிரத்தியாகாரம், தாரணை, தியானம், சமாதி என அதன் உறுப்புக்கள் எட்டு. இவ்வளவு பழைமையான செல்வம் கையிலிருந்தும், யோகம் என்றால் வீடு வாசலை விட்டுக் காட்டுக்குப் போனவர்களின் காரியம் என்ற எண்ணமே இல்லறத்தாரிடையே நெடுங்காலம் வேரூன்றியிருந்தது. வயலுக்குப் போகிறவரும், அலுவலகத்தில் இருக்கிறவரும், அடுப்படியில் நிற்கிற தாய்மாரும் நாளாந்தம் செய்யத்தக்க ஒன்றாக அதனை மாற்றியவர்களுள் முன்னிற்பவர் இமயமலைச் சாரலில் வாழ்ந்த ஒரு தமிழர். அவர் துறவியாவதற்கு முன்னர் வைத்தியராக இருந்தவர் என்பது இங்கு முக்கியமானது.

தமிழ்நாட்டின் திருநெல்வேலிக்கு அண்மையில், தாமிரபரணி பாயும் வளமான பகுதியில் பத்தமடை என்னும் ஊர் உள்ளது. கோரைப் புல்லில் பட்டுப்போல் நெய்யப்படும் பாய்களுக்குப் பேர்போன ஊர் அது. அவ்வூரில் 1887 ஆம் ஆண்டு செப்டம்பர் 8 ஆம் திகதி வேங்கு ஐயருக்கும் பார்வதி அம்மாளுக்கும் மூன்றாவது மகனாகப் பிறந்தவர் குப்புசுவாமி. சிவபக்தியில் சிறந்த அப்பைய தீட்சிதரின் மரபு அவர்களுடையது. எட்டயபுரத்தில் பள்ளிப்படிப்பையும் திருச்சிராப்பள்ளியில் கல்லூரிப் படிப்பையும் முடித்த குப்புசுவாமி, தஞ்சாவூரில் மருத்துவம் கற்றார். விடுமுறைக்கு ஏனைய மாணவர்கள் ஊருக்குப் போக, இவர் வைத்தியசாலையிலேயே தங்கிச் சத்திர சிகிச்சைக் கூடத்தில் நின்று வேலை பழகினார்.

1909 இல் அம்புரோசியா என்ற பெயரில் ஒரு மருத்துவ சஞ்சிகையைத் தொடங்கினார். அதற்கு முதலாகத் தாயார் கொடுத்தது நூறு ரூபாய். எழுதுவதற்கு ஆட்கள் போதாமையால் தாமே பல புனைபெயர்களில் கட்டுரைகளை எழுதி நிரப்பினார். சுகாதாரம், உணவு, நோய்த்தடுப்பு ஆகியவற்றைச் சாதாரண மக்களுக்கு விளங்கும்படி சொல்ல வேண்டும் என்பதே நோக்கம். பிற்காலத்தில் ஏறத்தாழ முந்நூறு நூல்களை எழுதிக் குவித்த கை இங்கேதான் பயின்றது.

1913 இல் மலாயாவுக்குக் கப்பலேறினார். கடுமையான சைவ போசனக்காரராகையால் கப்பலில் சமைத்த உணவைத் தொடாமல், தாயார் கட்டிக் கொடுத்த இனிப்புப் பண்டங்களையே நாட்கணக்காக உண்டு, கரையேறும்போது பாதி உயிராக இறங்கினார். சிரம்பானுக்கு அண்மையிலிருந்த தோட்ட வைத்தியசாலையில் ஏறத்தாழ ஏழு ஆண்டுகளும், பின்னர் சிங்கப்பூருக்குக் கிட்டிய ஜொகூரில் மூன்று ஆண்டுகளும் பணியாற்றினார். இறப்பர்த் தோட்டங்களில் உழைத்த தமிழ்த் தொழிலாளர்களின் வருத்தங்களை அவர் கண்ணாரக் கண்டது அங்கேதான். காசில்லாத நோயாளியிடம் காசு வாங்காததோடு, வீடு திரும்பும்போது சாப்பாட்டுக்கெனக் கையில் காசு கொடுத்தும் அனுப்பினார். மருந்து கொடுத்து அனுப்பிய நோயாளி மறுபடியும் அதே வருத்தத்தோடு வந்து நிற்பதை எந்த வைத்தியரும் காண்பார். பலர் அதற்குப் பழகிப் போவார்கள். குப்புசுவாமி பழகிப் போகவில்லை.

அக்காலத்தில் நோயுற்ற சாது ஒருவருக்கு அவர் வைத்தியம் செய்தார். குணமடைந்த சாது நன்றியாக ஒரு வேதாந்த நூலைக் கொடுத்துச் சென்றார். அந்நூலின் தூண்டுதலால் ஆசனம், பிராணாயாமம், தியானம் ஆகியவற்றில் ஈடுபட்டு, 1923 இல் நல்ல வருமானத்தையும் பதவியையும் விட்டு நாடு திரும்பினார். வடநாட்டுத் தலங்களில் கால்நடையாக அலைந்து, வழியில் ஒரு தபாலதிபரின் வீட்டில் சமையற்காரராகவும் இருந்து, 1924 ஆம் ஆண்டு மே மாதம் ரிஷிகேசத்தை அடைந்தார். அவ்வாண்டு ஜூன் முதலாம் திகதி விசுவானந்த சரசுவதி சுவாமிகளிடம் சந்நியாசம் பெற்றார். குப்புசுவாமி சிவானந்த சரசுவதியானார்.

கங்கைக் கரையில் அவர் செய்த தவம் கடுமையானது. பனி உருகி வரும் ஆற்று நீரில் நின்று செபம் செய்தார். காய்ந்த ரொட்டித் துண்டுகளைக் கங்கை நீரில் தோய்த்து உண்டு பல நாட்களைக் கழித்தார். ஆயினும் வைத்தியத்தை அவர் துறக்கவில்லை. மலாயாவில் இருந்த காலத்துக் காப்புறுதிப் பணம் கைக்கு வந்தபோது, அதனைக் கொண்டு 1927 இல் லக்ஷ்மண் ஜூலாவில் ஒரு தரும வைத்தியசாலையை அமைத்தார். பத்திரிநாத், கேதார்நாத் செல்லும் யாத்திரிகர்கள் காலில் புண்ணோடும் வயிற்றோட்டத்தோடும் அங்கே வந்தார்கள். துறவியாகி மூன்றே ஆண்டுகளில் மறுபடியும் புண்ணுக்குக் கட்டுப் போட உட்கார்ந்த இச்செயல், அவர் எழுதிய எந்த நூலையும் விடப் பெரிதென்றே கொள்ள வேண்டும்.

1936 இல் தெய்வ நெறிக் கழகத்தை நிறுவினார். அதன் ஆச்சிரமம் பழைய மாட்டுக் கொட்டிலில் தொடங்கியது. 1948 இல் யோகம், வேதாந்தம் ஆகியவற்றைக் கற்பிக்கும் வனக் கலைக்கூடம் ஒன்று அங்கே எழுந்தது. ஏறத்தாழ அதே காலப்பகுதியில் மைசூர் அரண்மனையில் கிருஷ்ணமாச்சாரியாரும் ஆசனங்களைக் கற்பித்து வந்தார். அவரது வழி உடற்பயிற்சியை நுணுக்கமாக வளர்த்தது. சிவானந்தர் வழியோ ஆசனத்தோடு தொண்டு, பக்தி, தியானம், ஆத்ம விசாரம் எல்லாவற்றையும் ஒரே நாளுக்குள் சிறிது சிறிதாகச் சேர்ப்பது.

சுவாமிகள் கற்பித்த முறையில் எதுவும் மிகையாக இல்லை. அதிகாலை நான்கு மணிக்கு எழுதல், செபமும் தியானமும், சில ஆசனங்கள், சிறிது பிராணாயாமம், மிதமான சாத்துவிக உணவு, நாளில் சிறிது நேர மௌனம், இயன்ற தொண்டு. ஒரு நாள் மூன்று மணி நேரம் செய்து மறுநாள் விட்டுவிடுவதைவிடத் தினமும் கால் மணி நேரம் தவறாமல் செய்வதே பயன் தரும் என்பதில் அவர் உறுதியாக இருந்தார். இதற்காக அடியார்களுக்கு ஆன்மிக நாட்குறிப்பு ஒன்றை வகுத்துக் கொடுத்தார். எத்தனை மணிக்கு எழுந்தோம், எவ்வளவு நேரம் ஆசனம் செய்தோம், எத்தனை தரம் பொய் சொன்னோம், எத்தனை தரம் கோபப்பட்டோம் என்று அன்றன்று எழுதி, மாத முடிவில் தாமே பார்த்துத் திருந்த வேண்டும். கட்டிலின் தலைமாட்டில் தொங்கும் காய்ச்சல் அட்டவணையை நிரப்பிப் பழகியவரிடம் வேறெதை எதிர்பார்க்க முடியும்! மந்திரத்தைக் கொப்பியில் எழுதும் எழுத்துச் செபத்தையும் அவர் பெரிதும் வற்புறுத்தினார். அலைபாயும் மனதுக்குக் கையில் ஒரு வேலை கொடுக்கும் உபாயம் அது.

இப்பயிற்சிகளின் பயனைப் பிற்கால ஆராய்ச்சியாளர்கள் தத்தம் முறையில் அளந்து பார்த்தார்கள். 2001 இல் இத்தாலிய வைத்தியர்கள் 23 பேரைக் கொண்டு செய்த ஆய்வொன்று பிரித்தானிய மருத்துவ சஞ்சிகையில் வெளிவந்தது. செபமாலைச் செபத்தையோ யோக மந்திரத்தையோ ஓதும்போது மூச்சு நிமிடத்துக்கு ஆறு தடவை என்ற அளவுக்குத் தானாகவே மெதுவாகின்றது. அப்போது இரத்த அழுத்தத்தைச் சீராக்கும் உடலின் இயல்பான பொறிமுறையும் நன்கு இயங்குகின்றது என்று அவர்கள் கண்டார்கள். மூச்சை வெளிவிடும்போது இதயத் துடிப்பு சற்றுத் தணிவது உடலின் இயல்பு. நீட்டி நிதானமாக மூச்சை விடுகிறவனுடைய பதற்றம் தணிவதற்கு இதுவும் ஒரு காரணம்.

நாட்பட்ட முதுகு வலிக்கு யோகாசனம் ஓரளவு உதவுகின்றது என்பதும் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து அறியப்பட்டுள்ளது. ஆனால் ஏனைய முதுகுப் பயிற்சிகளைவிட அது மிக மேலானதென்று சொல்வதற்கில்லை. நாற்று நடும் போதும் களை பிடுங்கும் போதும் குனிந்த முதுகுக்கும், களப்பில் இடுப்பளவு நீரில் நின்று வலை வீசிய தோளுக்கும் இந்த ஓரளவு என்பதே பெரிய ஆறுதல்தான்.

இருதய நோய் பற்றிய ஆய்வு இன்னும் சுவையானது. சுவாமிகளின் சீடருள் ஒருவரான சச்சிதானந்தர் கோயம்புத்தூர்ப் பக்கத்துச் செட்டிபாளையத்தில் பிறந்தவர். 1953 இல் குருவின் ஆணைப்படி இலங்கைக்கு வந்து, திருகோணமலையிலும் பின்னர் கண்டியிலும் பணியாற்றி, 1966 இல் அமெரிக்கா சென்றார். அங்கே அவரிடம் யோகம் பயின்ற டீன் ஓர்னிஷ் என்ற வைத்தியர், கொழுப்புக் குறைந்த சைவ உணவு, யோகப் பயிற்சி, தியானம், நடை, புகைத்தலை விடுதல், குழுவாகக் கூடிப் பேசுதல் ஆகியவற்றை ஒன்றாகச் சேர்த்து நோயாளிகளிடம் பரீட்சித்தார். ஓராண்டின் பின் அவர்களுட் பெரும்பாலானோரின் இருதயக் குருதிக் குழாய் அடைப்புச் சிறிது குறைந்திருந்ததை 1990 இல் வெளியிட்டார். இது யோகத்தின் வெற்றி மட்டுமன்று; உணவும் பழக்கமும் சேர்ந்த முழு வாழ்க்கை முறையின் வெற்றி. சிவானந்தர் கற்பித்ததும் அந்த முழுமையைத்தான். இன்னொரு சீடர் விஷ்ணுதேவானந்தர் 1957 இல் மேலை நாடுகளுக்குச் சென்று பல்லாயிரம் பேருக்கு ஆசனங்களைப் பழக்கினார்.

மனதின் வருத்தத்துக்கு இதனால் ஆவதென்ன என்று கேட்பவர்கள் வன்னியில் அதிகம். 2004 இல் கடலும், 2009 இல் போரும் வாரிச் சென்ற உயிர்களை எண்ணித் தூக்கமின்றித் தவித்த வீடுகள் முல்லைத்தீவு மாவட்டத்தில் எத்தனையோ. யாழ்ப்பாணத்து உளமருத்துவ நிபுணர் தயா சோமசுந்தரம், போரினால் மனவடுவுற்றோரின் சிகிச்சையில் மூச்சுப் பயிற்சி, தசைகளைத் தளர்த்தும் சாந்தி ஆசனம், தத்தம் சமயத்துக்குரிய மந்திர செபம் ஆகியவற்றைப் பயன்படுத்தலாம் என எழுதினார். பாட்டன் பாட்டியிடம் கண்ட பழக்கமாகையால் எமது மக்கள் இவற்றை அந்நியமாக நினைப்பதில்லை. இழந்தவரை இவை திருப்பித் தரமாட்டா. இரவில் நெஞ்சு படபடக்க விழித்தெழும் ஒருவருக்கு, அந்த நேரத்தைக் கடக்க ஒரு பிடிமானம் கிடைக்கின்றது. அதற்கு மேலும் துன்பம் தொடருமாயின் வைத்தியரிடம் போவதே முறை.

சுவாமிகளின் வாழ்வில் மனப்பயிற்சி சோதிக்கப்பட்ட நாள் ஒன்று உண்டு. 1950 ஜனவரி 8 ஆம் திகதி இரவு, சத்சங்கம் நடந்துகொண்டிருந்த மண்டபத்தில் ஒருவன் கோடரியால் அவரைத் தாக்கினான். தெய்வாதீனமாக உயிர் தப்பினார். அடித்தவனை யாரும் அடிக்கவோ தண்டிக்கவோ அவர் விடவில்லை. அவனுக்கு நூல்களும் மந்திர உபதேசமும் கொடுத்து, துணைக்கு ஆட்களையும் சேர்த்து ஊருக்கு அனுப்பி வைத்தார். அவ்வாண்டு செப்டம்பரில் தொடங்கி இரண்டு மாத காலம் பாரதம் முழுவதும் செய்த நெடும்பயணத்தில் இலங்கைக்கும் வந்து சென்றார்.

யோகியானபடியால் அவருக்கு நோயே அணுகவில்லை என்று எழுதுவது பொய்யாகும். சுவாமிகளுக்கு நீரிழிவும் இடுப்பு வலியும் இருந்தன. அவற்றுக்கு மருந்தை விலக்கவுமில்லை, பயிற்சியைக் கைவிடவுமில்லை. இன்று யோகா வகுப்புக்குப் போகத் தொடங்கியதும் நீரிழிவுக் குளிசையை நிறுத்திவிடுவோர் இந்த வைத்தியரின் வாழ்க்கையைக் கவனிக்க வேண்டும். அவர் விரும்பிக் கற்பித்த சிரசாசனத்தையும், உயர் இரத்த அழுத்தம், கழுத்து வருத்தம், கண் அழுத்த நோய் உள்ளவர்கள் தாமாகச் செய்யலாகாது. புத்தகப் படத்தைப் பார்த்துப் பழகுவதிலும், தெரிந்த ஆசிரியர் முன்னிலையில் வெறும் வயிற்றோடு பழகுவதே பாதுகாப்பு.

1963 ஆம் ஆண்டு ஜூலை 14 ஆம் திகதி, தமது 75 ஆவது வயதில், கங்கைக் கரையில் சுவாமி சிவானந்தர் மகாசமாதி எய்தினார். அவர் மறைந்து அரை நூற்றாண்டு கடந்தபின், 2014 இல் ஐக்கிய நாடுகள் சபை ஜூன் 21 ஆம் திகதியைச் சர்வதேச யோகா தினமாக அறிவித்தது. ரிஷிகேசத்தில் ஆச்சிரமத்தோடு இணைந்த தரும வைத்தியசாலையும், அவர் பிறந்த பத்தமடையில் அவர் பெயரால் ஒரு தரும வைத்தியசாலையும் அமைந்தன.